ஓட்டின் மேல் ஏறிய மாப்பிள்ளை

எங்கள் வீட்டை விற்பதற்கு அம்மா செய்த முதல் வேலை, அது விற்பனைக்கு இல்லை என்று தெருவையே நம்ப வைத்ததுதான்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. திருப்பூரில் பல்லடம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் எங்கள் ஓட்டு வீடு இருந்தது. நுழைந்ததும் ஆசாரம் என்று நாங்கள் சொல்லும் கூடம், அதை ஒட்டி ஓர் அறை, சமையற்கட்டு, கொல்லைப்புறத்தில் கிணறும் ஒரு முருங்கை மரமும். அப்பா நொய்யல் கரையில் ஒரு சலவைப் பட்டறையில் மாஸ்டர். மிஷினிலிருந்து வரும் பனியன் துணி பழுப்பாக இருக்கும். அதைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து வெளுத்துக் கொடுப்பது பட்டறையின் தொழில். எங்கெங்கோ இருந்த மனிதர்களெல்லாம் வெள்ளை வெளேரென்று பனியன் போட்டுக்கொண்டு திரிந்ததில் அப்பாவுக்கும் பங்கு உண்டு. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தொட்டியிலிருந்து கிளம்பும் ஆவி அவருடைய நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. முதலில் காலையில் மட்டும் இருமினார். பிறகு பேசும்போது, நடக்கும்போது, சாப்பிடும்போது. கடைசியாகப் போன மார்கழியில் அவர் ஒரு நாள்கூடப் படுத்துத் தூங்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே குளிர்காலத்தைக் கழித்தார். கோயம்புத்தூர் டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "டி.பி. இல்லை. இது அந்தக் காற்று செய்த வேலை. இன்னொரு மார்கழியை அங்கே கழிக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டார். குண்டடத்தில், காடு என்று நாங்கள் சொல்லும் மாமாவின் புன்செய் நிலத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் விலைக்கு வந்தது. கார்த்திகை வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி மாமா நிலத்துக்காரரிடம் பேசி வைத்தார். வீடு விற்றால் நிலம் வாங்கலாம், நான்கு மாடு கட்டலாம், அப்பா நல்ல காற்றில் மூச்சு விடலாம். விற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வெளியில் சொல்லவும் முடியாது. ஒருவர் வீட்டை விற்கிறார் என்றாலே "நொடிச்சுப் போயிட்டாங்களாட்ட இருக்குது" என்று பேச்சு கிளம்பிவிடும். அவசரம் என்று தெரிந்தால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். அதையெல்லாம் விடப் பெரிய பயம் அப்பாவின் இருமல். இருமுகிறவர் இருக்கும் வீடு என்றால் அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே வியாதிதான் நினைவுக்கு வரும். அந்த டாக்டர் எடுத்த படத்தைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினாலும் யாரும் நம்பமாட்டார்கள். அந்த வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்க யோசிப்பார்கள்.

வெளியூர்த் தரகர் ஒருவரை மாமா பிடித்துக் கொடுத்தார். அந்தக் காலத்துத் தரகர்களுக்கு வீடு, மாடு, பெண் மூன்றும் ஒரே குடையின் கீழ்தான். இவரும் கையில் அந்தக் குடையோடுதான் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "ஊடு நல்லா இருக்குதுங்க. வர்றவங்க காதுல அண்ணன் இருமறது மட்டும் உழுகாமப் பாத்துக்குங்க. மத்ததை நா பாத்துக்கறனுங்க."

அம்மா உடனே வேலையை ஆரம்பித்தாள். ஆவணி பிறந்ததுமே சுண்ணாம்பு வாங்கி ஊறப் போட்டாள். தூசியும் சுண்ணாம்பு நெடியும் ஆகாது என்று அப்பாவைத் தெருக்கோடிப் பிள்ளையார் கோவில் மரத்தடிக்கு அனுப்பிவிட்டாள். ஆனால் வெள்ளை என்று வந்துவிட்டால் அப்பாவால் சும்மா இருக்க முடியுமா? சுண்ணாம்பில் எவ்வளவு நீலம் கலக்க வேண்டும் என்று அங்கே உட்கார்ந்தபடியே உத்தரவு போட்டார். உடைந்த ஓட்டுத் துண்டில் ஒரு பூச்சு பூசி, காயவைத்து, கோவிலுக்கு ஓடிப்போய் அவரிடம் காட்டுவது என் வேலை. அவர் அதை வெயிலில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம் பிடித்துப் பார்ப்பார்.

"கண்ணு, இது செவுத்து வெள்ளை. பனியன் வெள்ளை இல்ல. இன்னுங் கொஞ்சம் நீலம் போடச் சொல்லு."

நான் ஓட்டுத் துண்டும் கையுமாகத் தெருவில் ஓடிக்கொண்டிருந்ததை ஜன்னலுக்கு ஜன்னல் பார்த்தார்கள். எதிர்வீட்டு அத்தையால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அத்தை என்றால் சொந்தமில்லை. அப்பாவை அண்ணா என்று கூப்பிடுவாள், அம்மாவை நங்கை என்பாள். அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அவளுடைய குரல் எங்கள் தெருவின் சங்கு. அவள் தன் வீட்டில் பால் பொங்கிவிட்டது என்று கத்தினால் எங்கள் வீட்டில் அடுப்பை அணைக்கத் தோன்றும், அவ்வளவு சத்தம்.

"ஏனுங்க நங்கை, பொங்கலுக்கு இன்னும் எத்தனை மாசம் கெடக்குது! இப்பவே வெள்ளையடிக்கறீங்க? என்னுங்க, விசேஷமுங்களா?"

அம்மா சிரித்தாள். அவ்வளவுதான். எனக்கு அப்போது இருபது வயது. ஆடி முடிந்து ஆவணி பிறந்திருக்கிறது, வயசுப் பெண் இருக்கிற வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், கேட்டால் சிரிக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. விளக்கு வைப்பதற்குள், என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்ற செய்தி கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அப்போதெல்லாம் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும். இப்போதும் குறைந்துவிடவில்லை, மூக்குக்கண்ணாடி போட்டு மறைத்திருக்கிறேன்.

"நா என்ன சொன்னேன்? சிரிச்சேன். சிரிச்சது ஒரு குத்தமா?" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்க அப்படியே நெனச்சுக்கட்டும் கண்ணு. ஊடு பாக்க வர்றாங்கன்னு தெரியறதுக்கு, உன்னையப் பாக்க வர்றாங்கன்னு நெனைக்கறது நல்லதுதான். உங்கப்பனுக்காகப் பொறுத்துக்க" என்றாள்.

அப்பாவுக்காக என்றதும் நானே போய்ச் சுண்ணாம்பு வாளியைத் தூக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. பெண் பார்ப்பது என்பது எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டின் காரியம் இல்லை, ஒரு தெருவின் காரியம். எதிர்வீட்டு அத்தை, தனக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த இரண்டு பிரம்பு நாற்காலிகளைத் தலையில் சுமந்து வந்து ஆசாரத்தில் போட்டாள். தன் வீட்டு ஆண்களே அதில் காலை மடக்கி உட்கார்ந்தால் திட்டுகிறவள் அவள். பக்கத்து வீட்டிலிருந்து சுவர்க் கடிகாரம் வந்தது. அதற்கடுத்த வீட்டிலிருந்து வெள்ளி டம்ளர்கள் வந்தன. யாரோ ஒரு அரக்குப் பட்டுச்சேலையைக் கொண்டுவந்து என் தோளில் வைத்துப் பார்த்து, "நெறத்துக்கு எடுப்பா இருக்குது" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குப் பனியனில் பிசிறு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பனியன் கட்டுகள் ஆசாரத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றையும் அத்தையே தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் அடுக்கினாள். அங்கேயே உட்கார்ந்து பிசிறும் வெட்டிக் கொடுத்தாள். "நீ கைய ரணமாக்கிக்காதே சாமி. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கையத்தான் மொதல்ல பாப்பாங்க" என்றாள்.

நான் உள்ளே போய் அழுதேன். கோபத்தில் பாதி, வெட்கத்தில் பாதி. இவ்வளவு நல்லவர்களை ஏமாற்றிக்கொண்டு அவர்கள் நாற்காலியில் உட்காரப் போகிறோமே என்று இருந்தது. அம்மாவுக்கும் இருந்திருக்கும். ஆனால் அவள் அழுகிற ஆள் இல்லை. சிவப்புச் சிமெண்ட் தரையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தரை கண்ணாடி மாதிரி ஆன பிறகும் தேய்த்தாள்.

வீடு மாறிக்கொண்டே வந்தது. விட்டத்தில் படிந்திருந்த பஞ்சுத் தூசியைத் துடைத்தோம். அப்பாவின் மருந்துப் பாட்டில்களை அரிசிக் குதிருக்குள் ஒளித்தோம். அவர் சட்டைகளில் ஏறியிருந்த பட்டறை வாசனை போகச் சாம்பிராணி போட்டோம். சமையற்கட்டுச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. தரகர் சொன்னபடி அம்மா அதன் மேல் பெரிய முருகன் காலண்டர் ஒன்றை மாட்டினாள். மாட்டிவிட்டு, "சாமிய வெச்சா இதை மறைக்கறது?" என்று எடுத்தாள். கொஞ்ச நேரம் விரிசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அவனுக்குத் தெரியாததா" என்று திரும்பவும் மாட்டினாள். அந்தக் காலண்டரைப் பார்க்கும்போதெல்லாம் முருகன் எங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று எனக்குத் தோன்றும்.

குறித்த நாள் வந்தது. மங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தறி வைத்திருந்த குடும்பம். திருப்பூருக்கு வந்து பனியன் தொழிலில் இறங்கலாம் என்று ஆசை. பெரியவர், அவர் மனைவி, அவர்களுடைய மகன், முன்னால் குடையோடு தரகர். மகனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தலையைப் படிய வாரி, சலவைச் சட்டை போட்டிருந்தான். எங்கள் தெரு ஜன்னல்களுக்கு அது போதும். "மாப்பிள்ளை பையன் பரவாயில்லீங்க" என்று எதிர்வீட்டுக்குள்ளிருந்து அத்தை சொன்னது எங்கள் வீட்டுக்குள் நன்றாகவே கேட்டது. வந்தவர்கள் காதிலும் விழுந்திருக்கும். நல்லவேளை, யாரைச் சொல்கிறாள் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

பட்டுச்சேலையில் நான் சமையற்கட்டில் நின்றேன். அப்பாவை அம்மா ஆசாரத்து மூலையில் பாயில் உட்கார வைத்திருந்தாள். வாயில் சித்தரத்தைத் துண்டு, கையில் ஒரு டம்ளர் மோர். பேசக் கூடாது, தலையை மட்டும் ஆட்ட வேண்டும் என்பது கட்டளை. வந்தவர்கள் கும்பிட்டார்கள். அப்பா கும்பிட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். எப்போது கட்டிய வீடு என்று கேட்டார்கள். அப்பா தலையை ஆட்டினார். அம்மா பதில் சொன்னாள். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வருவதை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முருகா, இவர்கள் போகிற வரைக்கும் அவர் மூச்சைப் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன்.

பெரியவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. சுவரை விரல் கணுவால் தட்டித் தட்டிப் பார்த்தார். கதவின் கீல் எப்படி இருக்கிறது என்று ஆட்டிப் பார்த்தார். கொல்லைப்புறம் போய்க் கிணற்றில் ஒரு கல்லைப் போட்டுக் காது கொடுத்துக் கேட்டார். எதிர்வீட்டு ஜன்னலில் கூடியிருந்த பெண்களுக்கு இதெல்லாம் வாசல் வழியாகப் பாதி தெரிந்தது. பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் சுவரைத் தட்டுகிறார்களே என்று அவர்களுக்கு முதல் குழப்பம். மகன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, ஏணி வைத்து ஓட்டின் மேல் ஏறியபோது குழப்பம் எல்லை மீறிவிட்டது.

"அடக் கடவுளே, மாப்பிள்ளை ஏன் ஓட்டு மேல ஏறுது?"

அத்தை தெருவைத் தாண்டி வந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கையில் எனக்காகக் கட்டி வைத்திருந்த மல்லிகைச் சரம். வந்ததும் வராததுமாக, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்க, நீங்க வந்து எவ்வளவு நேரமாச்சுங்க? இன்னும் பொண்ணக் கூப்பிட்டுப் பாக்காம, ஓட்டையும் செவுத்தையும் பாத்துக்கிட்டு இருக்கறீங்க? இது என்ன மொறைங்க?"

அந்த அம்மாள் திகைத்துப்போனாள். "பொண்ணுங்களா? எந்தப் பொண்ணுங்க? நாங்க ஊடு வாங்கலாம்னு பாக்க வந்தமுங்க."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். அத்தையின் கண் நாற்காலிக்குப் போனது, கடிகாரத்துக்குப் போனது, சமையற்கட்டு வாசலில் பட்டுச்சேலையில் நின்ற என்னிடம் வந்து நின்றது. கையிலிருந்த பூ அப்படியே இருந்தது. இப்போது இவள் கத்தப் போகிறாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மேலே ஏறியவன் ஒரு ஓட்டைப் புரட்டினான். நாங்கள் விட்டத்தைத்தான் துடைத்திருந்தோம்; ஓட்டுக்கு அடியில் இருந்த வருஷக்கணக்கான தூசி அப்பாவின் மேல் கொட்டியது. அப்பா இருமினார். அடக்கி வைத்திருந்த அத்தனை இருமலும் சேர்ந்து வந்தது. மோர் சிந்தியது, கண் செருகியது, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமினார். நான் ஓடிப்போய் அவர் முதுகைத் தேய்த்தேன். மங்கலத்து அம்மாள் எழுந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கமாக நகர்ந்தாள். "இது என்ன சீக்குங்க?" என்றாள். தரகர் குடையை விரித்து மடக்கினார். அம்மா அவ்வளவு நாளும் எதற்கெல்லாமோ பதில் தயார் செய்து வைத்திருந்தாள், இதற்கு வைத்திருக்கவில்லை.

பதில் சொன்னது அத்தை.

"சீக்கு ஒண்ணும் இல்லீங்க. பட்டறைக் காத்துங்க. பவுடர் தொட்டிகிட்ட நின்னு நின்னு எங்கண்ணனுக்கு நெஞ்சு காஞ்சு போச்சுங்க. இந்த ஊட்டுல ஒரு சீக்கும் கெடையாதுங்க."

அந்த அம்மாள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அத்தை அப்பாவின் பாய்க்குப் பக்கத்தில் போனாள். அவர் குடித்து மீதி வைத்திருந்த மோர் டம்ளரை எடுத்தாள். எங்கள் பக்கத்தில் டம்ளரை உயர்த்தி, உதட்டில் படாமல்தான் குடிப்போம். ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் தொடுவதே கிடையாது. பெற்ற தாய்கூட யோசிப்பாள். அத்தை அந்த டம்ளரை உதட்டில் வைத்து, அத்தனை பேர் பார்க்க, மிச்சம் இருந்த மோர் முழுவதையும் குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"எனக்கு சின்னஞ்சிறுசுக இருக்குதுங்க. சீக்குன்னா இதைக் குடிப்பனுங்களா?"

இருமல் கொஞ்சம் அடங்கியிருந்த அப்பா தலை நிமிர்ந்து அவளையே பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. இருமலில் வந்ததா, வேறா என்று நான் கேட்டதில்லை.

அத்தை அதோடு நிற்கவில்லை. "வாங்கம்மா, ஊடு பாக்கத்தானுங்க வந்தீங்க? நாங் காட்டறேன் வாங்க" என்று அந்த அம்மாளின் கையைப் பிடித்தே உள்ளே கூட்டிப்போனாள். சமையற்கட்டில் நேராகப் போய் முருகன் காலண்டரைக் கழற்றினாள். எங்களுக்கு உயிர் போய்விட்டது. "இங்க ஒரு விரிசல் இருக்குதுங்க. கெணத்துல தூர் வாரறப்போ உழுந்தது. மேப்பூச்சோட சரிங்க, அப்பறம் வளரவே இல்ல. ஐப்பசி மழைக்கு அந்த மூலையில ஒரு சொட்டு ஒழுகுமுங்க, உங்க பையன் மேலதான் இருக்கறாரு, இப்பவே பாக்கச் சொல்லுங்க. தண்ணி சித்திரையிலயும் வத்தாதுங்க. பருப்பு வேகும், அதுக்கு மேல என்ன வேணுமுங்க? எங்க ஊட்டுக் கெணத்துல உப்பு. நாங்களே இங்க வந்துதான் எடுக்கறமுங்க." இப்படி நல்லது கெட்டது இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போனாள். நாங்கள் ஒரு மாதமாக மறைத்ததை எல்லாம் அவள் ஒரு சுற்றில் திறந்து காட்டிவிட்டாள். நாற்காலியைப் பார்த்து, "இதெல்லாம் ஊட்டோட சேர்த்தீங்களா?" என்று பெரியவர் கேட்டபோது மட்டும் குரல் உயர்ந்தது. "அது என்னுதுங்க!" என்றாள்.

மங்கலத்து அம்மாள் முந்தானையை எப்போது மூக்கிலிருந்து எடுத்தாள் என்று நான் கவனிக்கவில்லை. திரும்பி ஆசாரத்துக்கு வந்தபோது அப்பாவுக்கு முன்னால் நின்று, "எங்கூட்டுக்காரருக்கும் தறிப் பஞ்சு நெஞ்சுல போயி இருமல்தானுங்க. நீங்க எந்த ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டாள். அப்பா முதல் முறையாக வாயைத் திறந்து, "குண்டடமுங்க. காட்டுக் காத்துக்கு" என்றார். "அதுதானுங்க நல்லது" என்றாள் அவள். பெரியவர் மகனைக் கீழே இறங்கச் சொன்னார். அன்றைக்கே வெற்றிலையில் முன்பணம் வைத்து அம்மாவிடம் நீட்டினார்.

அவர்கள் பஸ் ஏறிப் போனதும் அத்தை அம்மாவிடம் திரும்பினாள்.

"நா உங்களுக்கு யாருங்க நங்கை? தெருவுல போறவளுங்களா? அண்ணனுக்காக ஊட்ட விக்கறமுன்னு ஒரு வார்த்தை சொன்னா நா ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிருப்பனுங்களா?"

அடித்திருப்பாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அதனால்தான் அவ்வளவு அழுதாள் என்று நினைக்கிறேன். ஒரு நாற்காலியைத் தலையிலும் ஒன்றைக் கையிலும் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். அம்மா பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் நின்றாள். இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அம்மாவின் கையில் அந்த மல்லிகைச் சரம் இருந்தது. அதை என் தலையில் வைத்துவிட்டு, "அவ வெச்சுவிடச் சொன்னா" என்றாள். பட்டுச்சேலைக்காரர்கள் கடிகாரக்காரர்கள் யாரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அப்பாவுக்கு என்று ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்லிவிட்டு அவரவர் சாமானை எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் வண்டி ஏறிய அன்று சமைக்க விடாமல் தெருவே சோறு போட்டது. வாங்கியவர்களிடம், இந்தத் தெருவுக்குக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை எப்போதும் இருக்க வேண்டும் என்று அப்பா சொல்லி வைத்தார். அந்த நல்ல மனிதர்கள் அதைக் கடைசி வரைக்கும் காப்பாற்றினார்கள்.

குண்டடத்தில் முதல் மார்கழி எங்களுக்குப் பயமாகத்தான் இருந்தது. அப்பா ஒரு வாரம் சுவரில் சாய்ந்தார். பிறகு ஒரு நாள் பாதி படுத்தார். தை பிறந்தபோது நீட்டிப் படுத்துத் தூங்கினார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்கு அடுத்த வருஷம் என்னை உண்மையாகவே பெண் பார்க்க வந்தார்கள். அம்மா பல்லடம் பஸ் கண்டக்டரிடம் அத்தைக்குச் சொல்லி அனுப்பினாள். இந்த முறை முதல் ஆளாக அவளுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம். அத்தை காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். பஸ்ஸின் கூரையில் அந்த இரண்டு பிரம்பு நாற்காலிகளும் வந்தன. கண்டக்டரோடு சண்டை போட்டு ஏற்றியிருக்கிறாள். அப்பாவும் நானும் ரோட்டில் நின்று வரவேற்றோம். பெண் பார்க்கிற அன்று பெண் ரோட்டுக்கு வரலாமா என்று அதற்கும் திட்டு வாங்கினேன்.

ரோட்டிலிருந்து எங்கள் சாளைக்கு, அதாவது காட்டு வீட்டுக்கு, வேலிகளுக்கு நடுவே நெடுந்தூரம் நடக்க வேண்டும். அத்தை நாற்காலியைத் தூக்கப் போனாள். அப்பா விடவில்லை. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். அத்தை பதறிப்போனாள்.

"அண்ணா, வேண்டாமுங்க! ஒண்ண எங்கிட்டக் குடுங்க. அங்கங்க எறக்கி வெச்சு மூச்சு வாங்கிக்கிட்டாவது வாங்க."

"எதுக்கும்மா?" என்றார் அப்பா. நடக்க ஆரம்பித்தார். நடந்துகொண்டே சோளம் எப்படி, மாடு எப்படி, இந்த வருஷம் மழை எப்படி என்று பேசிக்கொண்டே போனார். அத்தை அவர் முதுகையே பார்த்தபடி பின்னால் வந்தாள். நான் அவளுக்குப் பின்னால் வந்தேன். சாளை வரைக்கும் அப்பா நாற்காலிகளை எந்த இடத்திலும் இறக்கி வைக்கவில்லை.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். வெயிலில் வந்தவளுக்கு மோர் நீட்டினாள். அத்தை வாங்கி, உயர்த்திக் குடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க எப்ப வேணா வரட்டுமுங்க நங்கை," என்றாள். "நா பாக்க வந்ததப் பாத்துட்டனுங்க."